பட்டாணிப் பேத்தையின் பசி

கண்ணாடித் தொட்டியில் ஃப்ளேக்ஸ் தூவியதும் கப்பியும் மோலியும் முண்டியடித்துக்கொண்டு மேலே வருகின்றன. நடுவே ஒரு செடித்தண்டை ஒட்டி, சுண்டுவிரல் நகத்தளவு மீன் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. பச்சை ஓடிய மஞ்சள் உடம்பு; அதில் கரும்புள்ளிகள். நனைந்த துணுக்கு ஒன்று அதன் முகத்துக்கு நேரே இறங்குகிறது. ஒரு கண் மட்டும் அதைத் தொடர்ந்து கீழே போய், பிறகு திரும்பிவிடுகிறது. வாய் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. சில வாரங்களில் வயிறு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரியும் அந்த மீன் தொட்டியின் அடியில் கிடக்கும். வாங்கிப்போனவர் கடைக்குத் திரும்பி வந்து கேட்டால், "இது பிடிவாதம் பிடிக்கிற ஜாதி, போட்டதைத் தின்னாது" என்ற பதில் கிடைக்கும்.

அதற்குப் பிடிவாதம் எதுவும் கிடையாது. பசி நன்றாகவே இருக்கிறது. எதிரே விழுந்தது உணவு என்பதுதான் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. மீன் வளர்ப்பில் இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய சாவு வேறு இல்லை என்றே நினைக்கிறேன். தடுப்பதற்கு அந்த மீனின் கண், வாய், குடல், அது நீந்தும் தண்ணீர் ஆகிய நான்கையும் கொஞ்சம் புரிந்துகொண்டால் போதும்.

ஆங்கிலம் கலந்து பேசும் கடைகளில் 'ட்வார்ஃப் பஃபர்' என்று விற்கப்படும் இந்தப் பட்டாணிப் பேத்தை, நம் கடற்கரைக்காரர்கள் பேத்தை என்று சொல்லும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இது கடல் மீன் அல்ல, கழிமுக மீனும் அல்ல. வாழ்நாள் முழுவதும் நன்னீரில் இருப்பது. கேரளத்தின் பம்பை ஆற்றிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு, 1941இல் சுந்தர்லால் ஹோராவும் கே. கே. நாயரும் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். திருவிதாங்கூரின் பெயர் இன்றும் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது: கரினோடெட்ரடான் திராவன்கோரிக்கஸ். சாலக்குடி ஆறு, வேம்பநாட்டுக் காயல், திருச்சூரின் கோள் வயல்கள் என்று மெதுவாக ஓடும், செடி அடர்ந்த நீரில் இது வாழ்கிறது. முழுதாக வளர்ந்த பிறகும் 3.5 செ.மீ.யைத் தாண்டாது. உலகின் மிகச் சிறிய பேத்தைகளில் ஒன்று இது. பேத்தை என்றால் உப்பு வேண்டும் என்று நினைத்துத் தொட்டியில் உப்புப் போடுகிறவர்கள் உண்டு. இந்த மீனுக்கு அது தேவையே இல்லை.

கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து 2005க்கும் 2012க்கும் இடையே, அச்சுறுத்தலில் உள்ள 30 நன்னீர் மீன் இனங்களைச் சேர்ந்த குறைந்தது 15 லட்சம் மீன்கள் ஏற்றுமதியானதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதிகமாக ஏற்றுமதியானவற்றின் வரிசையில் இந்தக் குட்டிப் பேத்தையும் இருந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆற்றில் பிடித்து, மொத்த வியாபாரியின் தொட்டியில் வைத்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து, சென்னை கொளத்தூர் போன்ற சந்தைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பும் நாள்கள் முழுவதும் அதற்கு ஏற்ற உணவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. நம் கைக்கு வரும்போதே அது பாதிப் பட்டினியில்தான் இருக்கிறது. அதனால் கடையில் பார்க்க வேண்டியது நிறத்தையல்ல, வயிற்றை. பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு மெல்ல உருண்டிருக்க வேண்டும். உள்ளே குழிந்திருந்தால், கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றியிருந்தால், இரக்கப்பட்டுக்கூட வாங்கக் கூடாது. அந்த நிலையைத் தாண்டிய மீனை மீட்பது மிகக் கடினம். நாம் வாங்கிய இடத்தை நிரப்ப ஆற்றிலிருந்து இன்னொன்று வரும். நமக்கு முன்னாலேயே ஒரு முறை தீனி போட்டுக் காட்டச் சொல்வது நல்ல வழக்கம்.

இனி அதன் கண். பேத்தையின் இரு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண் பின்னால் வரும் மீனைக் கவனிக்கும்போது இன்னொன்று இலையின் மேல் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது அசைந்தால் உடம்பு அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் குவியும். கொஞ்ச நேரம் அப்படியே பார்க்கும். அதற்கு வாகான உடம்பும் இருக்கிறது. பெரும்பாலான மீன்கள் உடலையும் வாலையும் வளைத்து நீந்துகின்றன. பேத்தையோ உடலை வளைக்காமல், முதுகிலும் அடியிலும் பின்தள்ளி இருக்கும் துடுப்புகளையும் பக்கத் துடுப்புகளையும் படபடவென்று அடித்தே நகர்கிறது. விரைவாகத் துரத்த அதனால் முடியாது. ஆனால் ஒரே இடத்தில் நிற்கவும், பின்னால் போகவும், தலையைச் சாய்த்து இலைக்கு அடியில் நோக்கவும் முடியும். தேடித்தேடி ஆராய்ந்து கொத்தும் வேட்டைக்காக அமைந்த உடல் அது.

இப்படிப்பட்ட வேட்டைக்காரனுக்கு இரை என்பதன் முதல் அடையாளம் அசைவு. ஆற்றில் அது தின்பவை நீர்த்தெள்ளுகள், கோபிபாடுகள், பூச்சிகளின் இளம்புழுக்கள் முதலியவை. அவை எல்லாமே துள்ளும், நெளியும், ஊரும். காய்ந்த மாவுத் தகடு ஒன்று நேர்கோட்டில் இறங்குவதை அதன் மூளை இரையாக எடுத்துக்கொள்வதில்லை. மிதந்து போகும் சருகோடு சேர்த்து ஒதுக்கிவிடுகிறது. மணத்தால் கண்டுபிடிக்காதா என்று கேட்கலாம். மணம் தேடலைத் தூண்டும். ஆனால் கடைசியில் வாயைத் திறக்க வைப்பது கண். விளக்கு அணைந்த தொட்டியில் இது வேட்டையாடாமல் ஒதுங்கிக் கிடப்பதும் அதனால்தான்.

அடுத்தது வாய். பேத்தைக்குத் தனித்தனிப் பற்கள் வெளியே தெரிவதில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு தகடுகள் சேர்ந்து அலகு போல் அமைந்திருக்கின்றன. குஞ்சாக இருக்கும்போது முதலில் முளைப்பது மற்ற மீன்களுக்கு இருப்பதைப் போன்ற பற்கள்தான். பிறகு, விழுந்து முளைக்கும் பற்களுக்குப் பதிலாக நீண்ட பட்டைகளாகப் பல்திசு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டு அலகாக மாறுகிறது என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. பட்டைகள் உள்ளிருந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் அலகு வாழ்நாள் முழுவதும் வளரும். கடினமான இரையைக் கடித்துத் தேய்த்தால்தான் அளவாக இருக்கும்.

தேய்ப்பதற்கு இயற்கை தந்த இரை நத்தை. தொட்டிச் செடிகளோடு ஒட்டிவரும் சிறு நத்தைகளைப் பெரும்பாலானோர் தொல்லையாக நினைக்கிறார்கள். குட்டிப் பேத்தைக்கு அவை உயிர்காக்கும் உணவு. ஃப்ளேக்ஸைத் தொடாத, புழுவைக்கூட ஒதுக்கிய மீன் நத்தையின் உணர்கொம்பு அசைவதைக் கண்டதும் கொத்துவதைப் பலமுறை பார்க்கலாம். ஆனால் எல்லா நத்தையும் உதவாது. தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நத்தைக்கும், மெல்லிய குமிழ் ஓடுள்ள நத்தைக்கும் ஓட்டின் வாயை அடைக்கும் மூடி கிடையாது. பேத்தை அதன் மெல்லிய சதையைக் கவ்வி இழுத்துவிடும். கூம்பாக நீண்டு, மண்ணுக்குள் புதைந்து வாழும் மலேசிய நத்தைக்கு மூடியும் உண்டு, ஓடும் மிகக் கெட்டி. அதைப் போட்டால் மீன் பசியோடு இருப்பதோடு அலகும் உடைய வாய்ப்புண்டு. குட்டி மீனுக்கு அதன் கண்ணளவைத் தாண்டாத நத்தைகளாகப் பொறுக்கிப் போட வேண்டும்.

வயிற்றைப் பற்றிய செய்தி எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. ஆபத்து வந்தால் தண்ணீரைக் குடித்து உடலைப் பந்தாக ஊதிக்கொள்வது பேத்தைகளின் தற்காப்பு. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பை அதன் இரைப்பையேதான். இரைப்பை அந்த வேலைக்குப் போய்விட்டதால், செரிமான வேலை அதனிடம் இல்லை. மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்ட ஜப்பானிய ஃபுகு மீனிலும் பச்சைப் புள்ளிப் பேத்தையிலும், வயிற்றில் அமிலம் சுரக்க வைக்கும் புரதத்துக்கான மரபணுக்களே தொலைந்துவிட்டன. அதாவது நம்மைப் போலவோ பெரும்பாலான கொன்றுண்ணி மீன்களைப் போலவோ ஒரு பெரிய இரையை விழுங்கி, அமிலத்தில் ஊறவைத்து, இரண்டு நாள் சும்மா இருக்க இந்தக் குடும்பத்து மீன்களால் முடியாது. உண்டதைக் குடல்தான் செரிக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு வேளை போதும், ஒரு செ.மீ.கூட இல்லாத குட்டிக்கு மூன்று நான்கு வேளை சிறு அளவாகத் தருவது நல்லது. ஒரே வேளையில் நிறையக் கொட்டினால் மீதி அழுகி அம்மோனியா ஏறும். பேத்தைக்குச் சாதாரணச் செதில் கிடையாது. தண்ணீர் கெட்டால் முதலில் வாடுவது அதுவே.

ஊதும் பழக்கத்தால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வலையில் அள்ளித் தூக்கும்போது பயந்து காற்றை விழுங்கிவிட்டால் அதை வெளியேற்ற மீன் மிகவும் சிரமப்படும். தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏற்றி எடுத்து மாற்றுவதே பாதுகாப்பானது.

இவ்வளவும் கடையில் வாங்கும் குட்டியைப் பற்றியது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை வளர்ப்பது வேறு உலகம். செடி அடர்ந்த தொட்டியில் ஒரு ஆணும் இரண்டு மூன்று பெண்களும் நன்றாகத் தின்று இருந்தால் ஜாவா பாசிக்குள் முட்டையிடும். ஆணுக்கு வயிற்றின் நடுவே கருங்கோடு ஒன்று ஓடும். கண்ணுக்குப் பின்னால் சுருக்க வரிகள் இருக்கும். பெரிய மீன்கள் முட்டையைத் தின்றுவிடும் என்பதால் பாசியோடு எடுத்துத் தனித்தொட்டியில் வைக்கிறார்கள். சுமார் 5 நாளில் குஞ்சு பொரிக்கும். இன்னும் இரண்டு மூன்று நாளுக்கு மஞ்சட்கருப்பை அதற்குச் சோறு போடும். பை தீர்ந்த அன்று தொடங்குகிறது உண்மையான சோதனை.

அந்த நாளின் முக்கியத்துவத்தை முதலில் உணர்ந்தவர்கள் தொட்டிக்காரர்கள் இல்லை, கடல் ஆய்வாளர்கள். ஹெர்ரிங், காட் மீன்கள் ஒரு வருடம் வலை கிழிய வருவதும் இன்னொரு வருடம் அற்றுப்போவதும் ஏன் என்று நார்வேயின் யோஹான் யோர்ட் ஆராய்ந்தார். மஞ்சட்கரு தீரும் தருணத்தில் குஞ்சுகளுக்கு ஏற்ற நுண்ணுணவு அருகில் இருந்ததா என்பதே அந்த ஆண்டுத் தலைமுறையின் அளவைத் தீர்மானிக்கலாம் என்று 1914இல் அவர் முன்வைத்த கருத்து இன்றும் மீன்வள அறிவியலின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. பின்னர் 1963இல் பிளாக்ஸ்டரும் ஹெம்பெலும் ஹெர்ரிங் குஞ்சுகளைப் பட்டினி போட்டுப் பார்த்து ஒரு கொடிய உண்மையைச் சொன்னார்கள். பட்டினியில் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தாண்டிய குஞ்சு உயிரோடுதான் இருக்கும், நீந்தும். ஆனால் அதன்பின் உணவை எதிரே வைத்தாலும் தின்னும் வலிமை அதற்கு இருக்காது. குஞ்சுகள் எல்லாம் நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தன, இன்று ஒரேயடியாகச் செத்துவிட்டன என்று வளர்ப்பவர்கள் தவிக்கும்போது, உண்மையில் அந்தச் சாவு சில நாள் முன்பே முடிவாகியிருக்கும்.

உணவு நிறைய இருந்தும் குஞ்சு பட்டினி கிடக்கலாம் என்பதுதான் இதில் இன்னும் வியப்பு. காரணம் தண்ணீர். மீன்கள் பெரும்பாலும் வாயைச் சட்டென்று திறந்து, உள்ளே பாயும் நீரோடு இரையை உறிஞ்சுகின்றன. நமக்குத் தண்ணீர் இலகுவானது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுக்கோ அதே தண்ணீர் கெட்டியான வெல்லப்பாகு போல் இழுக்கும். உடல் சிறுக்கச் சிறுக்க, நீரின் நிலைம விசையைவிடப் பிசுப்பு விசை மேலோங்குகிறது. இந்த விகிதத்தைத்தான் இயற்பியலில் ரெனால்ட்ஸ் எண் என்கிறோம். குஞ்சு வாயைத் திறக்கிறது. ஆனால் உறிஞ்சும் விசை மிகக் குறுகிய தூரமே எட்டுகிறது. இரை வாய்க்குள் வராமல் நின்றுவிடுகிறது. இஸ்ரேலின் விக்டர் சைனாவும் ரோய் ஹோல்ஸ்மனும் கடல்மீன் ஒன்றின் குஞ்சுகளை வைத்து 2014இல் இதைக் காட்டினார்கள். கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளைப் பிசுப்பு கூட்டிய நீரில் விட்டபோது, அவற்றின் வேட்டை வெற்றியும் சின்னக் குஞ்சுகளின் அளவுக்குக் குறைந்தது. குறை குஞ்சின் திறமையிலோ பசியிலோ இல்லை, அதன் உருவத்துக்கும் நீருக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

இதிலிருந்து தொட்டியில் என்ன செய்ய வேண்டும் என்பது நேராகவே வருகிறது. பத்து முயற்சியில் ஒன்றுதான் பலிக்கும் என்றால், பத்து முயற்சிக்கும் இரை எதிரே இருக்க வேண்டும். எனவே குஞ்சுத்தொட்டி சிறிதாக, நீர்மட்டம் தாழ்வாக இருந்தால் அதே அளவு உணவு அடர்த்தியாகக் கிடைக்கும். இரை மெதுவாக நகர்வதாக இருக்க வேண்டும். வெளிச்சம் நீண்ட நேரம் வேண்டும். ஏர் பம்பின் குமிழ்கள் குஞ்சை அலைக்கழிக்காத அளவுக்கு மெதுவாக வர வேண்டும்.

முதல் இரை இன்ஃபுசோரியா. காய்ந்த வாழைச்சருகையோ வைக்கோலையோ வாழைப்பழத் தோலையோ குளத்து நீரில் ஊறவைத்தால், முதலில் நீர் கலங்கி நாறும். சில நாளில் பாக்டீரியாவைத் தின்று பரமீசியம் போன்ற ஒருசெல் உயிர்கள் பெருகி நீர் தெளியத் தொடங்கும். 0.1 முதல் 0.3 மி.மீ. அளவுள்ள இவை மெல்ல உருண்டு போகும். குஞ்சின் வாய்க்கும் வேகத்துக்கும் பொருத்தம். கண்ணாடிக் குவளையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்தூசியாக அலைவது தெரியும். குஞ்சு பொரித்த பிறகு இதைத் தொடங்குகிறவர் தாமதித்துவிட்டார். பெரிய மீன்கள் முட்டையிடும் என்ற நம்பிக்கை வந்த நாளிலேயே சருகை ஊறவைக்க வேண்டும்.

ஒன்றிரண்டு வாரத்தில் குஞ்சு ஆர்டீமியாவுக்குத் தயாராகும். உப்பளங்களிலும் உப்பேரிகளிலும் வாழும் இந்தச் சிற்றிறாலின் முட்டை உறைகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து உறங்கக்கூடியவை. சந்தையில் டப்பாவில் வருவதில் கணிசமான பகுதி அமெரிக்காவின் உட்டா மாநிலத்து உப்பேரியில் அள்ளியது. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து, அடியிலிருந்து காற்றுக் குமிழ் விட்டு, 28 டிகிரி அளவு வெப்பத்தில் வெளிச்சத்தில் வைத்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். அரை மி.மீ.க்கும் குறைந்த ஆரஞ்சு நிறக் குஞ்சுகள். துடிப்பான ஒழுங்கற்ற அசைவு. பேத்தைக் குஞ்சின் கண்ணை அது சுண்டி இழுக்கிறது. தின்றபின் வயிறு ஆரஞ்சாகத் தெரிவதால் எது தின்றது, எது தின்னவில்லை என்பதும் தெரிந்துவிடும். காற்றை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். ஆர்டீமியா விளக்கு இருக்கும் பக்கம் திரளும். ஓடு கலக்காமல் அங்கிருந்து உறிஞ்சியெடுத்து, நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடு செரிக்காது, குஞ்சின் குடலை அடைக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது முக்கியம். தன் மஞ்சட்கருவைச் செலவழித்துக்கொண்டே வாழும் உயிர் அது. நேரம் போகப் போகச் சத்துக் குறைந்த இரையாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். முதல் வாரத்தில் நன்றாகத் தின்றது பெரிதாகிறது. பெரிதானது இன்னும் தின்கிறது. பக்கத்தில் இருக்கும் சிறியதன் துடுப்பு அசைவதும் அதன் கண்ணுக்கு இரையாகவே படுகிறது. அளவு பார்த்துப் பிரித்துவைப்பதும், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பாசியை அடர்த்தியாக வைப்பதும் தவிர வேறு வழி இல்லை.

எனவே இந்த மீனை வளர்க்க விரும்புகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது அதன் இரையை. ஒரு பழைய தொட்டியில் முட்டைக்கோஸ் இலை போட்டு நத்தை. ஒரு டப்பில் பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் ஈஸ்ட்டும் கொண்டு மொய்னா என்ற நீர்த்தெள்ளு. ஈஸ்ட் சற்றுக் கூடினால் மொய்னா ஒரே இரவில் அழிந்துவிடும் என்பதால் இரண்டு டப்பு இருப்பது நல்லது. கொசுப்புழு அருமையான உணவுதான். ஆனால் அதற்காக மொட்டைமாடியில் திறந்த நீர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நாலு நாள் கவனம் தப்பினால் தெருவுக்கே காய்ச்சல் வரும். சாக்கடை ஓரங்களில் அள்ளி விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவைப் பலர் கொடுக்கிறார்கள். ஓடும் நீரில் பல நாள் கழுவாமல் குட்டி மீனுக்குக் கொடுப்பது நோயைக் கொடுப்பதற்குச் சமம். நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகும், வெள்ளையாக நூல்போல் கழியும் மீனுக்குக் குடலில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். ஆற்றுமீனில் அது சாதாரணம். மருந்தை மீன்நோய் அறிந்தவரிடம் கேட்டே தர வேண்டும். செம்பு கலந்த மருந்துகள் நத்தைகளையும் கொன்றுவிடும்.

ஆண்டு முழுவதும் உயிருள்ள இரை தருவது எல்லோராலும் முடியாது. உறைய வைத்த பிளட்வார்ம் என்ற சிவப்புப் புழுவுக்கு மீனை மாற்றலாம். ஆனால் அதற்கும் கண்ணின் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் உயிருள்ள மொய்னாவோ புழுவோ தினமும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், இங்க் ஃபில்லரால் கொடுக்க வேண்டும். ஃபில்லரைக் கண்டதும் மீன் அந்த மூலைக்கு வரப் பழகிய பிறகு, உயிருள்ளதோடு உருகவைத்த பிளட்வார்ம் ஒன்றிரண்டைக் கலந்து, ஃபில்லரை மெல்ல அழுத்தி அது நீரில் ஆடும்படி விட வேண்டும். ஆடும் புழுவை மீன் தவறுதலாகக் கவ்வும், துப்பும், மறுபடி கவ்வும். சுவை பழகியதும் அடுத்த முறை தயங்காது. பிறகு உயிருள்ளதன் பங்கைக் குறைத்துக்கொண்டே வரலாம். சில மீன்கள் சில நாளில் பழகும், சில மாதக்கணக்கில் பழகாது; பழகும் என்று பட்டினி போடுவது இந்தக் குடும்பத்து மீனுக்கு ஆகாது. கப்பி போன்ற வேகமான மீன்களோடு வைத்தால், பார்த்து யோசித்துக் கொத்தும் பேத்தைக்கு எதுவும் மிஞ்சாது, தனித்தொட்டியே நல்லது. பிளட்வார்மைக் கையாளும்போது தோலிலோ மூச்சிலோ ஒவ்வாமை வருகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

பிளட்வார்மைத் தயங்காமல் தின்னும் மீனுக்கும் நத்தையை நிறுத்தக் கூடாது. மெல்லிய புழுவை மட்டும் தின்றால் அலகு தேயாமல் நீண்டு, ஒரு கட்டத்தில் வாயை மூட முடியாமல் போகும். இரையைக் குறிபார்த்துக் கொத்தியும் பிடி வழுக்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த அலகைத்தான். வாரத்துக்கு ஓரிரு முறை, கண்ணளவு நத்தைகள் நாலைந்து போதும்.